கூடி உட்கார்ந்தால் கணக்குச் சரியாகும்
கடை மென்பொருள் பயன்படுத்துவோர் கூட்டத்தை நடத்த ஒரு நல்ல வழி

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை சிட்டையும் பேரேடுமாகக் கணக்கு வைத்திருந்த நம் வணிகர்களில் பலர் கம்ப்யூட்டர் பில்லுக்கு மாறினார்கள். மென்பொருள் வாங்கியாயிற்று. பில் போடவும் கடைப் பையன் கற்றுக்கொண்டாயிற்று. ஆனால் ஏதாவது ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால் யாரிடம் கேட்பது என்பதுதான் இன்றுவரை பலருக்கும் உள்ள தொல்லை. விற்றவருக்குப் போன் செய்தால் "நாளைக்கு ஆளை அனுப்புகிறேன்" என்பார். ஆள் வருவதற்குள் மாதக் கணக்குத் தாக்கல் செய்யும் தேதி வந்துவிடும்.

இதற்காகவே சங்கங்களில் அவ்வப்போது கூட்டம் நடத்துகிறோம். மென்பொருள் விற்பவர் வருவார். திரையில் படம் படமாகக் காட்டி ஒரு மணி நேரம் பேசுவார். நாமும் தலையாட்டிக் கேட்போம். கடைசியில் "ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்பார். இத்தனை பேர் நடுவில் எழுந்து "எனக்கு இது தெரியவில்லை" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. டீ குடித்துவிட்டுக் கலைவோம். மறுநாள் காலை கடையைத் திறந்தால், நேற்றைய சிக்கல் அப்படியே கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

கூட்டத்தின்மேல் குற்றமில்லை, அதை நடத்தும் முறையில்தான் குறை. ஒருவர் பேச ஐம்பது பேர் கேட்பதற்குப் பதிலாக, ஒருவருடைய பிரச்சினையை நடுவில் வைத்துப் பதினைந்து பேர் சேர்ந்து அவிழ்ப்பதாகக் கூட்டத்தை மாற்றினால் பலன் எப்படி இருக்கும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதைச் சக வணிகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

307 கிலோ அரிசி எங்கே போனது?

எங்கள் ஊர்ச் சங்கக் கட்டிடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கம்ப்யூட்டர் பில் போடும் கடைக்காரர்கள் பதினான்கு பேர் கூடினோம். விற்பனையாளர் யாரையும் அழைக்கவில்லை. "உங்கள் கடையில் தீராத ஒரு சிக்கலைக் கொண்டுவாருங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தோம்.

மளிகை சில்லறையும் அரிசி மொத்தமும் செய்கிற ஒருவர் தயங்கித் தயங்கித் தம் சிக்கலைச் சொன்னார். ஆண்டுக் கணக்கு முடிக்க இருப்பு எடுத்தபோது, ஒரு புழுங்கல் அரிசி ரகத்தில் கம்ப்யூட்டர் 1,065 கிலோ இருப்பு என்று காட்டுகிறது. கிட்டங்கியில் எடை போட்டால் 758 கிலோதான் இருக்கிறது. 307 கிலோ குறைவு. ரூபாய்க்கு ஏறக்குறைய 17,000. வங்கிக் கடனுக்கு இருப்புப் பட்டியல் கொடுக்க வேண்டிய நேரம். எந்த எண்ணைக் கொடுப்பது என்று தெரியவில்லை.

சிறிது நேரம் பேசிய பிறகு இன்னொன்றையும் சொன்னார். கிட்டங்கிச் சாவி பதினோரு ஆண்டுகளாக ஒரே ஊழியரிடம் இருந்தது. போன வாரம் அதை அவரிடமிருந்து வாங்கிவிட்டாராம். "நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டான்" என்றார். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு ஆளுக்கொரு யோசனை கிளம்பியது. பில் போடாமல் போன சரக்கு இருக்கலாம் என்றார் ஒருவர். ஒரே கொள்முதல் பில்லை இரண்டு தடவை ஏற்றியிருக்கலாம் என்றார் இன்னொருவர். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தோம், இரண்டும் இல்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மூத்த வணிகர் பேசினார். அவர் இன்றும் கையால்தான் சிட்டை எழுதுகிறார். மகனுக்குத் துணையாகக் கூட்டத்துக்கு வந்தவர்.

"தம்பி, அந்த அரிசி மூட்டை எத்தனை கிலோ?"

"இருபத்தாறு, அண்ணாச்சி."

"எல்லா மூட்டையுமா?"

கடைக்காரர் யோசித்தார். "ஒரு ஆலையிலிருந்து வருவது இருபத்தாறு. அது முழு மூட்டையாகவே விற்றுப்போகும். இன்னொரு ஆலை மூட்டை இருபத்தைந்து. அதைப் பிரித்து உதிரியாக விற்போம். ரகம் ஒன்றுதான்."

"கம்ப்யூட்டரில் எத்தனை என்று போட்டிருக்கிறது?"

பார்த்தோம். ஒரே பெயர், ஒரே ரகம், ஒரு மூட்டை என்றால் 26 கிலோ.

காரணம் அங்கேதான் இருந்தது. 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டி வரும் அரிசி, பருப்பு, மாவு போன்றவை 25 கிலோ வரையிலான சிப்பமாக இருந்தால் 5 சதவீத வரி என்று வந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு அந்த வரி இல்லை. அதனால் பல ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறின. இவர் கடையிலும் யாரோ மூட்டை எடையை 26 என்று மாற்றியிருக்கிறார்கள். ஆனால் இன்னொரு ஆலையின் மூட்டை 25 கிலோவாகவே வந்துகொண்டிருந்தது. அதில் ஒவ்வொரு மூட்டை கொள்முதல் ஏறும்போதும் வராத ஒரு கிலோ கணக்கில் ஏறியது. உதிரி விற்பனை சரியான எடையில் இறங்கியது.

மூத்தவர் விரல்விட்டு எண்ணினார். "தினம் ஒரு மூட்டை பிரிப்பீர்களா? ஞாயிறு கடை கிடையாது. வருஷத்துக்கு 312 நாள். பொங்கல், தீபாவளி கழித்தால் உங்கள் குறைவுக்குப் பக்கத்தில் வருகிறதே!"

கொள்முதலை ஆலைவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். அந்த ஆண்டில் பிரித்த 25 கிலோ மூட்டை 304. மீதி மூன்று கிலோ சிந்தலும் வாட்டமும். எந்தக் கடையிலும் உள்ளதுதான்.

தீர்வு எளிது. இரண்டு மூட்டைகளுக்கும் இரண்டு தனிப் பெயர், தனித்தனி எடை, தனித்தனி வரி விவரம். குறைவை ஆடிட்டரிடம் காட்டித் தேதியிட்டு இருப்பைச் சரிக்கட்டுவது. மொத்தம் நாற்பது நிமிடம் ஆனது. மறுநாள் காலை அந்தக் கடைக்காரர் முதல் வேலையாகச் சாவியை ஊழியரிடம் திரும்பக் கொடுத்தார். கணக்கு எங்கே தவறியது என்பதையும் அவருக்கு விளக்கிச் சொன்னாராம்.

அன்று அந்த அறையில் இருந்த பதினான்கு பேரில் நான்கு பேர் தம் கடைக்குப் போய் மூட்டை எடையைச் சரிபார்த்தார்கள். இரண்டு கடைகளில் அதே தவறு இருந்தது. கம்ப்யூட்டரில் எல்லாம் கரைகண்ட ஒருவர் வந்து பேசியிருந்தாலும், 26 கிலோ மூட்டையைப் பற்றி அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? மூட்டையைத் தூக்கியவருக்குத்தான் அது தெரியும்.

போட்டியாளர்கள் ஒன்றுகூடிய கதை

"பக்கத்துக் கடைக்காரர் முன்னால் என் கணக்கைத் திறந்து காட்டுவதா?" என்று நம்மில் சிலர் தயங்கலாம். நியாயமான தயக்கம்தான். இதே தயக்கம் கம்ப்யூட்டரின் ஆரம்ப காலத்திலேயே நம்மைவிடப் பல மடங்கு பெரிய முதலாளிகளுக்கும் இருந்தது. அவர்கள் அதை எப்படித் தாண்டினார்கள் என்பதைப் பார்த்தால் நமக்கும் வழி தெரியும்.

1950-களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் விமானம் செய்யும் பெரிய கம்பெனிகள் பல இருந்தன. லாக்ஹீட், டக்ளஸ், நார்த் அமெரிக்கன் ஆகியவை ஒன்றோடொன்று கடும் போட்டியில் இருந்தவை. எல்லோரும் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரிய கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் இயந்திரத்தோடு மென்பொருள் அவ்வளவாக வராது. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே ஆள் வைத்து, ஒரே வேலைக்கு ஒரே மாதிரியான நிரலைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. பணமும் காலமும் வீணாயின.

704 என்ற புதிய இயந்திரம் வரவிருந்த நேரத்தில், 1955 ஆகஸ்டில், அந்தக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர் பிரிவினர் கூடிப் பேசினார்கள். அப்படிப் பிறந்த சங்கத்துக்கு 'ஷேர்' என்று பெயர் வைத்தார்கள். பகிர்ந்துகொள்வது என்று பொருள். யுனைடெட் ஏர்கிராஃப்ட் கம்பெனியில் எழுதப்பட்ட ஓர் அடிப்படை மென்பொருள் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் பொதுவானது. எல்லோரும் சேர்ந்து கேட்டதால் ஐ.பி.எம். நிறுவனமும் அவர்கள் சொல்லுக்குக் காதுகொடுத்தது. எழுபது ஆண்டுகள் தாண்டியும் அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் விமானத்தின் வரைபடத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை. தொழில் ரகசியம் அவரவரிடமே இருந்தது. எல்லோருக்கும் பொதுவான கம்ப்யூட்டர் தலைவலியை மட்டும் பகிர்ந்துகொண்டார்கள். நமக்கும் அதே அளவுகோல் போதும். எந்த மண்டியில் என்ன விலைக்கு எடுக்கிறோம் என்பது நம் ரகசியம். மூட்டையைக் கிலோவாக மாற்றுவது எப்படி என்பதில் என்ன ரகசியம் இருக்கிறது?

"என்னிடம் இது இருக்கிறது, எனக்கு இது வேண்டும்"

அதே அமெரிக்காவில் இருபது ஆண்டுகள் கழித்து இன்னொரு கூட்டம் தொடங்கியது. 1975 மார்ச் 5-ஆம் தேதி, கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் கொட்டகையில் முப்பது பேர் அளவில் கூடினார்கள். சொந்தமாகக் கம்ப்யூட்டர் கட்டிப் பார்க்கும் ஆசை உள்ளவர்கள். 'ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்' என்று அதற்குப் பெயர். கூட்டம் பெருகியதும் ஒரு பெரிய அரங்குக்கு மாறினார்கள்.

லீ ஃபெல்சென்ஸ்டைன் என்ற பொறியாளர் அந்தக் கூட்டத்தை நடத்திய முறை நமக்கு நேரடியாகப் பயன்படும். கூட்டத்தை அவர் பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியில் ஆளுக்குச் சிறிது நேரம்: எழுந்து நின்று, தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன வேண்டும், எங்கே சிக்கியிருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட வேண்டும். அங்கேயே விவாதம் கிடையாது. அடுத்த பகுதியில் எல்லோரும் எழுந்து, யாரிடம் தமக்குத் தேவையானது இருக்கிறது என்று தெரிந்ததோ அவரைத் தேடிப் போய்ப் பேசிக்கொள்ளலாம்.

பார்க்க எளிய ஏற்பாடு. ஆனால் அதன் பலன் பெரிது. உங்கள் சிக்கல் இன்னது என்று எல்லோர் காதிலும் விழுந்துவிட்டால், பதில் தெரிந்தவர் உங்களைத் தேடி வருவார். முதல் நாள் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற இளைஞரும் ஒருவர். தாம் கட்டிய கம்ப்யூட்டரின் வரைபடத்தை அந்தக் கிளப்பில் அவர் இலவசமாகவே கொடுத்தார். அந்தக் கம்ப்யூட்டரைத்தான் 1976-இல் ஸ்டீவ் ஜாப்ஸுடன் சேர்ந்து 'ஆப்பிள்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்.

கேள்வி கேட்பதும் உதவிதான்

மூன்றாவது உதாரணம் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து. ரெஜினால்ட் ரெவன்ஸ் என்பவர் இளம் வயதில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இயற்பியல் படித்தவர். அங்கே நோபல் பரிசு பெற்ற மேதைகளே வாராவாரம் உட்கார்ந்து, தமக்கு என்ன புரியவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைப் பார்த்தார். பிறகு 1940-களில் நிலக்கரித் துறையில் பயிற்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது. சுரங்க மேலாளர்களுக்கு வெளியிலிருந்து நிபுணர்களை அழைத்துப் பாடம் நடத்துவதைவிட, மேலாளர்களையே சிறு குழுக்களாக உட்காரவைத்து, ஒருவர் சுரங்கத்தின் சிக்கலை மற்றவர்கள் ஆராயும்படி செய்வது மேல் என்று அவர் கண்டார்.

அவர் வற்புறுத்தியது இதைத்தான்: புத்தகத்தில் உள்ள அறிவு பாதி, சரியான கேள்வி மறு பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் கற்றல். எடுத்த எடுப்பில் யோசனை சொல்வதைவிடக் கேள்வி கேட்பது சிக்கல்காரருக்கு அதிகம் உதவும். எங்கள் கூட்டத்தில் நடந்ததும் அதுவே. அந்த மூத்த வணிகர் ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார். ஒரு கணக்குப் போட்டார். கம்ப்யூட்டர் தெரியாத நாம் இந்தக் கூட்டத்துக்குப் போய் என்ன செய்வது என்று மூத்தவர்கள் யாரும் ஒதுங்க வேண்டாம். அவர்கள் அவசியம் வர வேண்டும்.

நம் சங்கத்தில் நடத்துவது எப்படி?

எங்கள் அனுபவத்தில் சரிப்பட்ட முறையைக் கீழே தருகிறேன். ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

1. பத்து முதல் பதினைந்து பேர் போதும். அதற்கு மேல் வந்தால் இரண்டு குழுவாகப் பிரிக்கவும். இருபது பேர் உட்கார்ந்தால் ஐந்து பேர்தான் பேசுவார்கள். பில் போடும் ஊழியரையும் கூடவே அழைத்து வரச் சொல்லுங்கள். கடையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது முதலாளியைவிட அவருக்குத்தான் தெரியும்.

2. மாதம் ஒரு தடவை, இரண்டு மணி நேரம். பண்டிகைக்கு முந்திய வாரமும், மாதக் கணக்குத் தாக்கல் செய்யும் நாட்களும் வேண்டாம்.

3. சிக்கலை நான்கு வரியில் ஒரு சீட்டில் எழுதி வரச் சொல்லவும். என்ன செய்ய நினைத்தீர்கள்? என்ன நடந்தது? எப்போதிலிருந்து இப்படி? இதுவரை என்ன முயன்றீர்கள்? இந்த நான்கையும் எழுதும்போதே சில சிக்கல் தானாக அவிழ்ந்துவிடுவது உண்டு.

4. முதல் பதினைந்து நிமிடம், ஆளுக்கு ஒரு நிமிடமாகத் தம் சிக்கலைச் சொல்ல வேண்டும். அப்போது யாரும் பதில் சொல்லக் கூடாது. பதில் தெரிந்தவர் கையைத் தூக்கிக் காட்டினால் போதும். கூட்ட முடிவில் இருவரும் தனியே பேசிக்கொள்ளலாம். சின்னச் சின்னச் சிக்கல்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

5. மிச்சத்தில் இரண்டைத் தேர்ந்தெடுக்கவும். யாருக்கு அதிகப் பணம் போகிறது, எத்தனை கடைகளுக்கு அதே சிக்கல் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்து முடிவு செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம்.

6. முதல் பத்து நிமிடம் கேள்வி மட்டுமே. "நீங்கள் இப்படிச் செய்யுங்கள்" என்று யாராவது தொடங்கினால், கூட்டத்தை நடத்துபவர் அன்போடு நிறுத்த வேண்டும்.

7. கம்ப்யூட்டரைச் சிக்கல்காரரே இயக்க வேண்டும். இதை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம். இரண்டாவது கூட்டத்தில் விவரம் தெரிந்த ஒருவர் கீபோர்டை வாங்கி, ஐந்தே நிமிடத்தில் சிக்கலைச் சரி செய்துவிட்டார். எல்லோரும் கைதட்டினோம். அவர் எதை அழுத்தினார் என்பது யாருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் அதே சிக்கல் அதே கடையிலிருந்து திரும்ப வந்தது. மென்பொருள் எழுதுவோர் நடத்தும் பயிற்சிக் கூட்டங்களிலும் இப்படியொரு ஏற்பாடு உண்டு. ஒரே கம்ப்யூட்டர், பெரிய திரை; கீபோர்டில் ஒருவர், அருகில் துணைக்கு ஒருவர்; சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஆள் மாறுவார்கள். 2000-களின் நடுவில் பாரீஸ் நகரில் தொடங்கிய இம்முறை பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. தெரிந்தவர் வாயால் சொல்லட்டும். தெரியாதவர் கையால் செய்யட்டும்.

8. ஒருவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். தேதி, சிக்கல், காரணம், செய்த மாற்றம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். தீராதவற்றையும் "தீரவில்லை" என்று எழுதிவைக்கவும். அடுத்த கூட்டம் அந்த நோட்டைப் படிப்பதில் தொடங்கட்டும். ஓராண்டில் அந்த நோட்டு, நம் ஊர்க் கடைகளுக்கென்றே எழுதிய கையேடாக ஆகிவிடும்.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. திரை இல்லாவிட்டால் வீட்டு டி.வி.யில் கம்ப்யூட்டரை இணைத்துக்கொள்ளலாம். டீச் செலவு சங்கத்துடையது.

செய்யக்கூடாதவை

கடையின் அசல் கணக்கில் கை வைக்கக் கூடாது. கூட்டத்துக்கு முன்பே கணக்கின் நகல் ஒன்று எடுத்து, அந்த நகலில்தான் சோதனை செய்ய வேண்டும். தீர்வு சரி என்று உறுதியான பிறகு கடைக்குப் போய் அசலில் மாற்றலாம்.

கொள்முதல் விலை, கடன் வாடிக்கையாளர் பெயர், பாக்கித் தொகை ஆகியவை திரையில் தெரியக் கூடாது. இயன்றால் நான்கைந்து சரக்கு மட்டும் உள்ள மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டுவது நல்லது. பாஸ்வேர்டையும், போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் சொல்ல வேண்டாம். திருட்டு நகல் மென்பொருளைக் கைமாற்றும் இடமாகவும் கூட்டம் ஆகிவிடக் கூடாது.

வரிச் சட்டத்தில் எது சரி என்று நாமே கூடித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. "இதை எப்படிப் பதிவது?" என்பது நம் கேள்வி. "இதற்கு வரி உண்டா?" என்பது ஆடிட்டரிடம் போக வேண்டிய கேள்வி. அத்தகைய கேள்விகளை நோட்டில் தனிப் பக்கத்தில் சேர்த்துவைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆடிட்டர் ஒருவரை அழைத்து மொத்தமாகக் கேட்கலாம்.

மென்பொருளிலேயே குறை இருந்தால் நாம் என்ன முயன்றாலும் தீராது. ஆனால் அங்கேயும் கூட்டத்துக்குப் பலம் உண்டு. ஒரு கடைக்காரர் போன் செய்தால் "பார்க்கிறோம்" என்பார்கள். பன்னிரண்டு கடைக்காரர்கள் கையெழுத்திட்டு, இந்த இடத்தில் இந்தத் தவறு என்று எழுதிக் கொடுத்தால், அதைத் தள்ளிவைப்பது கடினம்.

ஒரு நாளில் மாறிய வரி

இப்படியொரு குழு முன்கூட்டியே இருந்தால் எவ்வளவு பயன் என்பதற்கு 2025 செப்டம்பர் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். செப்டம்பர் 3-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி முடிவெடுத்தது. 22-ஆம் தேதி முதல் புதிய வரி. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5 சதவீதம். பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18-லிருந்து 5. இடையில் கிடைத்தது மூன்று வாரம்கூட இல்லை.

ஆயிரம் சரக்குகள் உள்ள கடையில் ஒவ்வொன்றாகத் திறந்து வரியை மாற்றுவது நடக்கிற வேலையா? தொகுதி தொகுதியாக மாற்றும் வழி பல மென்பொருள்களில் உண்டு. ஆனால் அங்கேயும் பள்ளம் இருந்தது. குளியல் சோப்புக் கட்டிக்கு வரி குறைந்தது. திரவ சோப்புக்குக் குறையவில்லை. பற்பசைக்குக் குறைந்தது, வாய் கொப்பளிக்கும் திரவத்துக்கு இல்லை. 'சோப்பு' என்று ஒரே தொகுதியாகப் போட்டிருந்தவர் மொத்தமாக மாற்றினால் தவறாகிவிடும். பழைய வரியில் வாங்கிய சரக்கானாலும் விற்கும் நாளில் உள்ள வரிதான் என்பதால், 22-ஆம் தேதி காலை முதல் பில்லே சரியாக வர வேண்டியிருந்தது.

இதை ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியே இரவு கண்விழித்துச் செய்வதா, அல்லது பத்துப் பேர் ஒரு பிற்பகல் உட்கார்ந்து, தொகுதிகளைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒருவர் பட்டியலை இன்னொருவர் சரிபார்த்து முடிப்பதா? விமானக் கம்பெனிக்காரர்கள் 1955-இல் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட அதே கேள்விதான் இது. வரி இனியும் மாறும், மென்பொருளும் மாறும். அப்போது கூட்டத்தைக் கூட்டுவதைவிட, இப்போதே கூடிப் பழகிவைப்பது நல்லது.

தொடங்குங்கள்

தனி மரம் தோப்பாகாது என்பது நாம் சங்கம் வைத்த நாளிலிருந்து சொல்லிவருவது. பெரிய கம்பெனிக் கடைகளில் கணக்குக்கென்று ஒரு தனி இலாகாவே இருக்கிறது. நம் கடைகளில் முதலாளியே கல்லா, முதலாளியே கணக்கு. ஆனால் பதினைந்து கடைக்காரர்கள் மாதம் இரண்டு மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்தால், அந்தப் பதினைந்து பேரே நம் இலாகா.

தெரியவில்லை என்று சொல்வதில் வெட்கமில்லை. அந்த அரிசிக் கடைக்காரர் அன்று வாயைத் திறக்காமல் போயிருந்தால், பதினோரு ஆண்டு விசுவாசமாக உழைத்த ஒருவரை இழந்திருப்பார். தவறு அதன் பிறகும் தினம் ஒரு கிலோ வீதம் வளர்ந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

ஒவ்வொரு கிளைச் சங்கமும் அடுத்த மாதமே ஒரு கூட்டத்தை நடத்திப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். பேச்சாளர் வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு நோட்டு, மறைக்காமல் சொல்லப்பட்ட ஒரு சிக்கல் இருந்தால் போதும்.